ஒரே வளவு, இரண்டு வைஃபை: யார்மேல் புகார் கொடுப்பது?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

வயது 46. பூர்வீக வீட்டில் கணவருக்கு வந்த பங்கில் மாமியாரோடும் மகளோடும் இருக்கிறார். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வீட்டின் பின்பக்கத்து இரண்டாம் கட்டில் பலகாரம் போட்டு விற்கிறார்: தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை. ஐந்து பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பெட்டி கட்டுமுன் வாடிக்கையாளருக்கு வீடியோ காலில் காட்டுவது வழக்கம். வீட்டின் இன்னொரு பங்கில், அதே வளவை (நடுமுற்றத்தை) பார்த்த அறைகளில், கணவரின் சித்தப்பா மகன் குடும்பம் இருக்கிறது.

ஆறு மாதம் முன்பு அந்தக் கொழுந்தனார் புது நெட் இணைப்பு வாங்கினார். கூடவே இரண்டு ரிப்பீட்டரும் நாலு வயர்லெஸ் கேமராவும் போட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தொல்லை. மதியம் 1 மணி வாக்கில் வீடியோ கால் உறைந்து நிற்கிறது. இரவு 7 முதல் 10 வரை எல்லாமே நத்தையாக ஊர்கிறது. பில் போடும் மேசையில் வயர்லெஸ் மவுஸ்கூட நாள் முழுக்கத் தத்துகிறது. பணம் வந்ததைச் சொல்லும் குரல் பெட்டியும் தாமதமாகத்தான் பேசுகிறது. சரிசெய்ய இரண்டு எக்ஸ்டெண்டர் வாங்கினார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு, நீள ஆண்டெனா வைத்த ஹை-பவர் ரௌட்டர் ஒன்றும் வாங்கினார். 11,000 ரூபாய் போனதுதான் மிச்சம். பாகப்பிரிவினைப் பேச்சில் இரண்டு வீட்டுக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல். கொழுந்தனார் வேண்டுமென்றே அலையை முடக்கும் ஜாமர் வைத்திருப்பாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கேட்பது இவ்வளவுதான்: “அவர் வீட்டு அலை என் பங்குக்குள் வரக்கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? புகார் யாரிடம் கொடுப்பது? என் தம்பி சொல்கிறபடி நானும் ஒரு ஜாமர் வாங்கி வைத்துவிட்டால் என்ன?”

ஆச்சி, வணக்கம். வயதில் நீங்கள் என்னைவிட இளையவர்தான். ஆனாலும் நம் பக்கத்தில் அழைப்பது அப்படித்தானே. வயர்லெஸ் கோளாறு தேடுவதே என் தொழில். சிவகங்கைச் சீமையின் பழைய வீடுகள் பலவற்றில் ஏணி போட்டு ஏறியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நோட்டீஸ் எழுதக் கொடுத்திருந்தால் நிறுத்தி வையுங்கள். தம்பி ஜாமருக்கு முன்பணம் கட்டியிருந்தால் இன்றே திரும்ப வாங்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உரிமை என்று எதைக் கேட்க முடியும்

உங்கள் வைஃபை, அவர் வைஃபை, கேமரா, மவுஸ், ப்ளூடூத் எல்லாம் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில். சரியாகச் சொன்னால் 2.4 முதல் 2.4835 வரை. இந்தியாவில் 2005 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை. அந்த விதியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: இந்த அலைவரிசை பொதுவானது, யாருக்கும் தனிப்பாத்தியதை கிடையாது, பிறரால் இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பு கேட்கவும் முடியாது. ஊருணியில் எல்லோரும் தண்ணீர் எடுக்கலாம். எனக்கு மட்டும் என்று படித்துறையைக் கட்டிக்கொள்ள முடியாது அல்லவா, அதே கணக்கு. பங்குப் பத்திரத்தில் சுவருக்கு எல்லை போடலாம், அலைக்குப் போட முடியாது. அதனால் அவர் வீட்டு அலை உங்கள் பங்குக்குள் வருவது குற்றமில்லை. உங்கள் அலையும் அவர் பங்குக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. புது ரௌட்டர் வாங்கிய பிறகு முன்னைவிட அதிகமாகவே போகும்.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைகளைக் கண்காணிக்க ஓர் அமைப்பு உண்டு. செல்போன் கோபுரம், விமானத் தகவல் தொடர்பு போன்று உரிமம் பெற்றவர்களுக்கு இடைஞ்சல் வந்தால் கருவிகளோடு தேடி வருவார்கள். இரண்டு வீட்டு வைஃபை முட்டிக்கொள்வதற்கு அவர்களிடம் தீர்வு இல்லை. விதிப்படி இருக்கவும் முடியாது.

ஜாமர் வேறு சங்கதி. அதை வைப்பது சட்டவிரோதம். அரசு தனியாக அனுமதித்த அமைப்புகளைத் தவிர யாரும் வாங்கவோ வைக்கவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-ல் பொது அறிவிப்பே கொடுத்தது. செல்போன் சிக்னலை இழுத்துத் தரும் பூஸ்டரும் உரிமம் இல்லாமல் வைக்கக் கூடாது என்று அதே அறிவிப்பு சொல்கிறது. நம் கடைகளில் வைஃபை ரிப்பீட்டரையும் பூஸ்டர் என்றே சொல்லி விற்கிறார்கள், அதில் குழம்ப வேண்டாம். ரிப்பீட்டர் வைக்கலாம், பயன் உண்டா என்பதைப் பிறகு சொல்கிறேன். ஜாமர் வைத்தால் முதலில் படுப்பது உங்கள் பில் மேசைதான். அடுத்து அக்கம்பக்கத்து போன்கள். அதன் பிறகு புகார் உங்கள்மேல் வரும், அதற்கு அதிகாரிகள் வருவார்கள்.

கொழுந்தனார் ஜாமர் வைத்திருப்பாரா? உங்கள் கடிதமே இல்லை என்கிறது. அப்படி ஒன்று ஓடினால் அவருடைய நாலு கேமராவும் சேர்ந்து செத்திருக்கும். மதியம் ஒரு மாதிரி, இரவு ஒரு மாதிரி என்று கோளாறு நேரம் பார்த்தும் வராது.

ஒரு கோளாறு இல்லை, நாலு

எல்லாம் ஒரே நாளில் தொடங்கியதுபோல் உங்களுக்குத் தோன்றுகிறது. மனத்தாங்கல் இருக்கும் இடத்தில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் நீங்கள் எழுதிய நாலு தொல்லைக்கும் நாலு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குரல் பெட்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளே ஒரு சிம் வைத்து செல்போன் கோபுரத்தோடு பேசுகின்றன. வைஃபையோடு அவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டாம் கட்டின் தடித்த சுவருக்குள் சிக்னல் தேயும். பெட்டியை முகப்புக்கோ ஜன்னல் ஓரத்துக்கோ நகர்த்திப் பாருங்கள். அநேகமாக அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது மவுஸ். பில் கம்ப்யூட்டரில் கேமரா பதிவுகளைச் சேமிக்க ஒரு ஹார்டு டிஸ்க் செருகியிருப்பதாகவும், மவுஸின் சின்ன ரிசீவரை அதற்கு ஒட்டினாற்போல் செருகியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீல நிற வாய் கொண்ட யூஎஸ்பி 3 கருவிகள் வேகமாக வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமாக இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் நிறுவனமே 2012-ல் ஓர் அறிக்கையில் இதை அளந்து எழுதியிருக்கிறது. மவுஸ் ரிசீவரை ஒரு நீட்டு வயரில் மாட்டி இரண்டடி தள்ளி, மவுஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வயரின் விலை அற்பம். ஆறு மாதமாகக் கொழுந்தனார்மேல் இருந்த ஒரு பழி அதோடு போய்விடும்.

மதியம் 1 மணி. வேலைக்கு வரும் பெண்கள் அந்த நேரத்தில்தானே சோற்றைச் சூடு பண்ணுகிறார்கள்? பேக்கிங் அறை மூலையில் மைக்ரோவேவ் அடுப்பு இருப்பதாகக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் வேறு ஏதோ பேச்சில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த அடுப்பு உணவைச் சுடவைப்பது ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையால், அதாவது வைஃபையின் நடுமுற்றத்தில். உள்ளே சில நூறு வாட் ஓடுகிறது. கதவு ஓரமாக மிகச் சிறிதளவு கசியும். ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் வரை கசியலாம் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட வரம்பு. உடம்புக்கு அதனால் பயமில்லை. ஆனால் ஒரு வீட்டு ரௌட்டரின் மொத்தச் சக்தியே 100 மில்லிவாட் அளவுதான்; பக்கத்தில் இருக்கும் போனுக்கு அந்தக் கசிவு காதைப் பிளக்கும் சத்தம். பழைய வகை அடுப்புகளில் மின்சாரத்தின் ஒரு பாதி அலையில் மட்டும் கதிர் கிளம்பும், மறுபாதியில் ஓய்ந்திருக்கும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 10 மில்லிநொடி கத்தல், 10 மில்லிநொடி மௌனம். வாட்ஸ்அப் செய்தி அந்த மௌனத்தில் நுழைந்து போய்விடும். தொடர்ச்சியாக ஓட வேண்டிய வீடியோ கால் திணறிவிடும். “மெசேஜ் போகிறது, வீடியோ மட்டும் நிற்கிறது” என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்கு அடுப்பு ஞாபகம்தான் வந்தது.

இதில் நியாயம் பேசினால் அடுப்புதான் மூத்த குடி. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு இந்த அலைவரிசையைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு என்று ஒதுக்கியது. செய்தி அனுப்ப உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா திறந்துவிட்டதே 1985-ல்தான். வைஃபை அதற்கும் பின்னால் குடிவந்தது. அடுப்பைக் குறை சொல்லாமல் பேக்கிங் அறையிலிருந்து அடுப்படிக்கு மாற்றிவிடுங்கள். இடையில் இரண்டு பழைய சுவர் நின்றால் போதும். கதவின் கீலும் கொண்டியும் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள்.

மீதி இருப்பது இரவுத் தொல்லை. இதில்தான் கொழுந்தனாருக்கும் பங்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது.

பட்டாலையில் இரண்டு பேச்சு

வைஃபை கருவிகள் சண்டை போடுவதில்லை, முறை வைத்துப் பேசுகின்றன. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். பட்டாலையில், அதாவது வீட்டு முன்கூடத்தில், நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது போலத்தான். ஆள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் முறை தள்ளிப்போகும். இரவு 7 மணிக்கு இரண்டு வீட்டிலும் டிவி, போன், பிள்ளைகளின் பாடம், நாலு கேமரா, இரண்டு ரிப்பீட்டர், இரண்டு எக்ஸ்டெண்டர் எல்லாம் ஒரே பட்டாலையில் உட்கார்ந்திருக்கின்றன.

ரிப்பீட்டரின் வேலை என்ன? ஒருவர் சொன்னதை அப்படியே இன்னொரு முறை சொல்வது. சாதாரண ரிப்பீட்டர் அதே சேனலில்தான், அதாவது அலைவரிசைக்குள் அதே பாதையில்தான், திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு பேச்சுக்கும் இரண்டு மடங்கு நேரம் போகிறது. தூரத்தில் நின்று மெதுவாகப் பேசும் கேமரா அதில் சேர்ந்தால் இன்னும் இழுக்கும். அதே வேலையைச் செய்யும் உங்கள் எக்ஸ்டெண்டர்கள் அவர் வீட்டை மட்டுமல்ல, உங்கள் வீட்டையே தாமதப்படுத்துகின்றன. போனில் சிக்னல் கட்டம் நிறைந்து தெரிவதால் நல்லது நடந்ததாகத் தோன்றும். கட்டம் சொல்வது குரல் எவ்வளவு பலம் என்பதைத்தான், முறை எப்போது கிடைக்கும் என்பதை அது சொல்லாது.

ஹை-பவர் ரௌட்டர் பற்றி. உங்கள் ரௌட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும். போன் மறுபடி பேசுவது அதே பழைய மெல்லிய குரலில்தான். ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறவருக்கு எதிராளியின் முணுமுணுப்பு கேட்பதில்லை. இன்னொன்றும் உண்டு: விதிப்படி கருவியின் சக்தி அதிகபட்சம் 1 வாட், ஆண்டெனாவோடு சேர்த்துக் கணக்கிட்டால் 4 வாட். 1 வாட் கருவியில் 6 டிபி ஆண்டெனா (டிபி என்பது அலையைக் குவிக்கும் பலத்தின் அளவு) மாட்டினாலே அந்த 4 வாட் வந்துவிடும். 9 டிபி மாட்டினால் 8 வாட்டை எட்டும். கடைக்காரர் சொன்ன “9 டிபி ஆண்டெனா” அந்தக் கருவியில் எவ்வளவு சக்தியோடு ஓடுகிறது என்று எனக்குக் கடிதத்தில் தெரியவில்லை. ஆனால் வரம்பைத் தாண்டிவிடக் கூடிய இடத்தில் நிற்பது நீங்கள்தான், கொழுந்தனார் இல்லை.

சேனல் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அவர் 1-ல் இருப்பதால் நீங்கள் “விலகி” 3-க்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். சேனல்கள் 13 இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு வைஃபைக்கு வேண்டியதோ 20. ஆகவே 3-ல் இருக்கும் நீங்கள் 1-ன் மேல் பாதி படுத்திருக்கிறீர்கள். ஒரே சேனலில் இருந்தாலாவது அவர் பேச்சு உங்களுக்குப் புரிந்து முறை விடுவீர்கள். பாதி மேலே பாதி கீழே என்றால் அவர் பேச்சு உங்களுக்கு வெறும் இரைச்சல், உங்கள் பேச்சு அவருக்கும் இரைச்சல். ஒன்றையொன்று தொடாமல் நிற்க வழக்கமாக எல்லோரும் எடுத்துக்கொள்வது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். ரௌட்டரில் அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20-க்கு இறக்குங்கள்.

தேடும் வரிசை

புதிதாக எதையும் வாங்குமுன் ஒரு வாரம் தேடுங்கள். ஒரு நோட்டில் நேரம், என்ன நின்றது, அப்போது வீட்டில் என்ன ஓடியது என்று மூன்று கட்டம் போட்டு மகளை எழுதச் சொல்லுங்கள்.

முதலில் கம்பியா காற்றா என்று பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டரை லேன் வயரில் நேராக ரௌட்டரோடு இணையுங்கள். இரவு 8 மணிக்கு அப்போதும் ஊர்ந்தால் குறை காற்றில் இல்லை, நெட் கொடுக்கும் நிறுவனத்தின் கம்பியில். வைஃபை பற்றி நான் சொன்ன எதுவும் அதற்கு மருந்தில்லை. அவர்களிடம்தான் பேச வேண்டும். வயரில் நன்றாக ஓடி போனில் மட்டும் நின்றால் காற்றுதான். போனில் பிங், அதாவது பதில் வர ஆகும் நேரம், பார்க்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு ரௌட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, அடித்துப் பாருங்கள். காற்று அமைதியாக இருந்தால் சில மில்லிநொடிகளில் பதில் வரும். நெரிசலில் அந்த எண் நூறு, இருநூறு என்று துள்ளும்.

அடுத்து, வைஃபை காட்டும் செயலி ஒன்றில் எந்தப் பெயர் எந்தச் சேனலில், எவ்வளவு பலத்தில் என்று பாருங்கள். எண்கள் மைனஸில் இருக்கும். மைனஸ் 45 என்றால் பக்கத்தில், மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குப் போதும், மைனஸ் 75-க்குக் கீழே திணறல். எந்தப் பெயர் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று அறிய ஒரு வழி: போனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து வளவு நடுவில் மெல்லச் சுற்றுங்கள். நம் உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். முதுகு அந்தக் கருவியின் பக்கம் திரும்பும்போது எண் சட்டென்று இறங்கும். செயலி எண்ணைப் புதுப்பிக்கச் சில நொடி எடுக்கும், அவசரப்படாமல் சுற்ற வேண்டும்.

அப்புறம் மின்சாரம். ரௌட்டரை இன்வெர்ட்டரில் தனியாக ஓடவிட்டு, உங்கள் பங்கின் எம்சிபிகளை (மின்சாரத்தை நிறுத்தும் பெட்டி சுவிட்சுகளை) எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் பிங் துள்ளுகிறதோ அந்த அறையில் தேடினால் போதும்.

செயலியில் ஒரு குறை உண்டு. அது வைஃபையை மட்டும்தான் பார்க்கும். அடுப்பையோ, வைஃபை இல்லாமல் படம் அனுப்பும் பழைய அனலாக் கேமராவையோ அதற்குத் தெரியாது. செயலியில் காற்று காலியாகத் தெரிந்தும் நெட் நின்றால், வைஃபை அல்லாத ஏதோ கத்துகிறது என்று பொருள். அங்கேதான் எங்களைப் போன்றவர்கள் எல்லா அலைகளையும் திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் கொண்டு வர வேண்டும். அதன் திரையில் வைஃபை தட்டையான மேடுபோல் தெரியும். அடுப்பு அகலமாகத் தேய்த்துவிட்டதுபோல் அலையும். அனலாக் கேமரா ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும் ஊசி.

அந்த ஊசியை நான் ஒரு முறை இந்தப் பக்கத்து ஊரில் துரத்தினேன். தெரு முழுக்க வைஃபை கெட்டிருந்தது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும். ஊசி ஏறிக்கொண்டே போன திசையில் நடந்து ஒரு பூட்டிய வீட்டு முகப்பில் நின்றேன். காவலுக்கு இருந்த பெரியவர் ஒரு சாண் நீளச் சாவியோடு வந்து திறந்தார். முகப்பு தாண்டி, வளவுத் தூண் ஒன்றில் கட்டுக்கம்பியால் கட்டிய சின்னக் கேமரா. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் நடந்த அறுபதாம் கல்யாணத்துக்கு யாரோ மாட்டியது. படத்தை வாங்கும் பெட்டி எப்போதோ காணாமல் போய்விட்டது, கேமரா மட்டும் ஆள் இல்லாத வீட்டுக்குள்ளிருந்து இரவும் பகலும் அனுப்பிக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். வாசலில் நின்ற பையனின் போனில் வீடியோ ஓட ஆரம்பித்தது. அந்தத் தெருவில் அதற்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். உங்கள் கடிதம் வந்ததும் எனக்கு அவர்கள் முகம்தான் வந்தது.

வீடு உங்களுக்குச் செய்யும் உதவி

செட்டிநாட்டு வீட்டில் வைஃபை போகாது என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள். நான் அந்தச் சுவர்களைத் துணையாகப் பார்க்கிறேன். தடித்த செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. உங்கள் அலையை வெளியே விடாத அதே சுவர் அவர் அலையையும் உள்ளே விடாது. இரண்டு வீட்டு அலையும் சந்திக்கும் ஒரே இடம் திறந்த வளவு. உங்கள் ரௌட்டரோ இப்போது வளவைப் பார்த்த அலமாரியில், எவர்சில்வர் சம்படங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் உலோகம் அலையைத் திருப்பியடிக்கிறது, மறுபக்கம் வளவு வழியாக அவர் வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பழைய பெல்ஜியம் கண்ணாடிக்குப் பின்னாலும் வைக்க வேண்டாம். ரசம் பூசிய கண்ணாடியும் உலோகத் தகடு போலத்தான்.

ரிப்பீட்டருக்குப் பதில் கேட் 6 என்ற நெட் கேபிள் இழுங்கள். முகப்பிலிருந்து பேக்கிங் அறைக்கு ஒன்று, பில் மேசைக்கு ஒன்று. ஒரே நீளமாக 100 மீட்டர் வரை போகலாம். தெருவுக்குத் தெரு நீளும் வீடு என்பதால் அளந்துகொள்ளுங்கள். திறந்த வளவின் குறுக்கே செம்புக் கம்பி கட்டாதீர்கள். ஐப்பசி இடியில் கருவிகள் போய்விடும். தாழ்வாரம் சுற்றிக் கொண்டு வாருங்கள், குறுக்கே போயே ஆகவேண்டும் என்றால் ஃபைபர் இழுக்கச் சொல்லுங்கள். சுவரில் டிரில் போட ஆள் வந்தால் தடுத்துவிடுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தப் பூச்சு ஒரு இடத்தில் பெயர்ந்தால் சிமெண்டை அப்பி மறைக்க முடியாது, தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் அரிது. நிலைக்கு மேல் இருக்கும் காற்றுவழி, பழைய ஒயரிங் போகும் மரச்சட்டம், இந்த வழிகளே போதும்.

கேபிள் முடிகிற இடத்தில் சின்ன ஆக்சஸ் பாயிண்ட் ஒன்று (வயரில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி), அறைக்குள்ளேயே. அதை 5 கிகாஹெர்ட்ஸில் ஓடவிடுங்கள். 2.4-ல் மொத்த இடமே 83.5 மெகாஹெர்ட்ஸ். 5-ல் 2018 முதல் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இல்லாமல் திறந்திருக்கிறது. சுவரைத் தாண்டப் பலம் குறைவு என்று அதைக் குறை சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்: அறைக்குள் முழு வேகம், சுவருக்கு அப்பால் மௌனம். சக்தியை ‘லோ’ அல்லது ‘மீடியம்’ என்று வையுங்கள். லேபிள் பிரிண்டர், கேமரா போல 2.4 மட்டுமே தெரிந்த கருவிகளை 11-ம் சேனலில் தனியாக விடுங்கள். கூட்டம் குறைந்தால் அவையும் ஒழுங்காக ஓடும். எக்ஸ்டெண்டர் இரண்டையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும், சும்மா செருகி வைத்தாலும் பேசிக்கொண்டேதான் இருக்கும்.

கொழுந்தனாரிடம் எப்படிப் பேசுவது

உங்கள் பக்கத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் போங்கள். அடுப்பு நகர்ந்து, எக்ஸ்டெண்டர் போய், மவுஸ் ஓடத் தொடங்கிய பிறகு போவதில் ஒரு பலம் இருக்கிறது. “உங்கள் வைஃபையால் எனக்குத் தொல்லை” என்று ஆரம்பிக்க வேண்டாம். போனில் அந்தச் செயலியைத் திறந்து, “நம்ம ரெண்டு வீட்டு நெட்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுது தம்பி, உங்களுக்கும் ராத்திரி கேமரா விட்டு விட்டு வருமே?” என்று கேளுங்கள். நிச்சயம் வரும். அவருக்கும் அதே நெரிசல்தான், அவரும் உங்களைச் சந்தேகப்பட்டிருக்கலாம். நீங்கள் 11, அவர் 1, எதிர்வீடு 6 என்று பேசிக்கொள்ளுங்கள். கேமராக்களுக்கு வயர் இழுத்தால் இரவில் படம் நிற்காது என்பது அவருக்கு லாபம், காற்றில் இடம் கிடைப்பது உங்களுக்கு லாபம். உங்களுக்குக் கேபிள் இழுக்க ஆள் வரும் அன்றே அவருக்கும் சேர்த்து இழுத்தால் கூலி குறையும். மாமியார் முன்னிலையில் பேசினால் இன்னும் நல்லது. பாகப்பிரிவினைப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

ரௌட்டர்கள் சில தாமாகச் சேனலை மாற்றிக்கொள்ளும். இரண்டு வீட்டிலும் ‘ஆட்டோ’வை அணைத்து எண்ணை நிலையாக வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பேசிய ஒப்பந்தம் கலைந்துவிடும்.

அவர் கேமரா ஒன்று உங்கள் பங்கின் வாசலைப் பார்க்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அது அலை பற்றிய கேள்வி இல்லை, உங்கள் அந்தரங்கம் பற்றியது. அதை நேரில் கேளுங்கள். கேட்டும் திருப்பவில்லை என்றால் அதற்கு மட்டும் வக்கீலைப் பாருங்கள்.

தீபாவளி ஆர்டர் தொடங்குமுன் வயர் சோதனையையும் அடுப்பையும் முடித்துவிடுங்கள். ஒரு வார நோட்டை மகள் எழுதி முடித்ததும் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாம் செய்தும் செயலியில் காற்று காலியாகத் தெரிந்து, இரவு 8 மணிக்கு பிங் துள்ளினால், அனலைசரோடு ஒரு நாள் வருகிறேன். உங்கள் தெருவில் பூட்டிய வீடு எத்தனை, சாவி யாரிடம் என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.